ஒன்றரை மணிக்கு தோஹா

சிலுவைமுத்துவின் வீட்டில் பெண்டாட்டி கடல் தாண்டிப் போனது இதுதான் முதல் தடவை. அவர் போயிருக்கிறார். ஒன்றிரண்டல்ல, இருபத்தொரு வருஷம். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை. அந்த இருபத்தொரு வருஷமும் செசிலி இராஜாக்கமங்கலத்தை ஒட்டிய இந்தக் கடற்கரை வீட்டில் இருந்துகொண்டு, தபால்காரர் சைக்கிள் மணி கேட்கிறதா, அடுத்த தெருவுக்கு யாராவது லீவில் வந்தார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். இப்போது மகள் ஜின்சிக்குத் தோஹாவில் தலைப்பிள்ளை பிறந்திருக்கிறது. மகளுக்குப் பேறுகால மருந்து கிண்டிக் கொடுக்க வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும் என்று செசிலி விமானம் ஏறிவிட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிற முறை இப்போது சிலுவைமுத்துவுக்கு.

அதற்கென்று வீட்டில் ஒரு சாமான் இருந்தது. மருமகன் ஜெஃப்ரின் போன கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது முன்னறை மேசையில் வைத்துவிட்டுப் போனது. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு திரை, அதற்கு அடியில் ஸ்பீக்கர், நெற்றியில் பொட்டு மாதிரி ஒரு கேமரா. அதற்கு ஹப் என்று பேர். வாசல் விளக்கு, கிணற்று மோட்டார், கேஸ் கசிந்தால் கூவுகிற மணி, எல்லாம் அது சொல்கிறபடிதான் கேட்கும். போன் கூட அதில்தான் வரும். வீட்டிலிருந்த ஒரே நல்ல போனைச் செசிலி கொண்டுபோய்விட்டாள். சிலுவைமுத்துவின் சட்டைப்பையில் இருப்பது பட்டன் போன்.

ஹப்பில் ஒரு விசேஷம் உண்டு. அங்கிருந்து கூப்பிட்டால் இங்கே யாரும் எடுக்கவே வேண்டாம். தானாகத் திறந்துகொள்ளும். காலையில் இவர் பாட்டுக்கு பனியனைக் கழற்றி முதுகைச் சொறிந்துகொண்டு நிற்பார். திடீரென்று செசிலியின் முகம் திரையை நிறைத்துக்கொண்டு எழும்.

"இஞ்சேருங்க. நேத்து மீன் வச்ச சட்டி இன்னும் அப்படியே கெடக்கு. நான் வாறது வரைக்கும் அது ஊறணுமா?"

"ஏட்டி, கும்பிடப் போன சாமி மாதிரி குறுக்க வராத. ஒரு கதவத் தட்டிட்டாவது வா."

"எனக்க வீட்டுக்கு நான் கதவத் தட்டணுமோ?"

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இருபத்தாறு நாள் ஓடிவிட்டது. ஒரே ஒரு தொந்தரவுதான். தினமும் மதியம் பன்னிரண்டரை, பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டால் ஹப் செத்துப்போகும். திரையில் ஒரு வட்டம் சுற்றும். "இணையத் தொடர்பு இல்லை" என்று ஒரு பெண்குரல் செய்தி வாசிப்பது போலச் சொல்லும். அவ்வளவுதான். மோட்டாரை நிறுத்த ஆளிருக்காது. தொட்டி நிறைந்து வாழை மூட்டில் பாயும். சாயந்திரம் நாலரைக்கு மேல், வெயில் சாய்ந்து காற்று மாறிய பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி தானாக எழுந்து உட்காரும்.

சரி, மத்தியானம் தானே, அவள் தூங்கட்டும், நானும் தூங்குகிறேன் என்று சிலுவைமுத்து அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் செசிலி சொன்ன பிறகுதான் அது வினையாயிற்று.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். பூசை முடிஞ்சு பதினோரு மணிக்கு. அங்க ஒங்களுக்கு ஒன்றரை. குளிச்சு நல்ல வேட்டியக் கெட்டி மேசை முன்ன வந்து இருந்துக்கிடுங்க. நான் போனப் பிடிச்சுக் காட்டுவேன்."

"ஒன்றரைக்கா?"

"ஆமா. ஏன், ஒங்களுக்கு வேற ஜோலி உண்டுமா?"

அந்த நேரத்தில்தான் இது செத்துக் கிடக்கும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "வேற என்ன ஜோலி. இருப்பேன்" என்றார்.

இருக்கத்தான் வேண்டும். ஏனென்று கேட்டால் முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தின ஒரு கணக்கு அது. ஜின்சிக்கு ஞானஸ்நானம் நடந்தபோது அவர் ஷார்ஜாவில் ஒரு மாடியின் மேல் கம்ப்ரசருக்கு கேஸ் அடைத்துக்கொண்டிருந்தார். லீவு கிடைக்கவில்லை. செசிலி, அவர் வாங்கி அனுப்பிய டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டரைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரு கேசட்டில் எல்லாவற்றையும் பதிந்துவிட்டாள். பிடித்துக்கொண்டு நின்றது அவள் தங்கச்சி கிரேசி, பதினாலு வயசுப் பிள்ளை அப்போது. அந்தக் கேசட் லீவு முடிந்து திரும்பிய குளச்சல் ஜேசுதாஸின் பெட்டியில், கருவாட்டுப் பொட்டலத்துக்கும் நேந்திரங்காய் வற்றலுக்கும் நடுவே கிடந்து, இருபத்தேழு நாள் கழித்து அவர் கைக்கு வந்தது.

தொழிலாளர் முகாமில் எட்டுப் பேர் தங்கிய அறை. எட்டுப் பேரும் கட்டிலில் கால் தொங்கப்போட்டுக் கேட்டார்கள். முதலில் கோயில் மணி. பிறகு செருப்புச் சத்தம், ஆட்கள் இருமுகிற சத்தம். செசிலி ரகசியமாக, வாயை மைக்கில் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்ப சாமியாரு வந்துட்டாரு… இப்ப பிள்ளைக்க நெத்தியில சிலுவை வரையுதாரு… பிள்ளை முழிச்சுப் பாக்குது, அழல்ல… வெள்ளைச் சட்டை ஒங்க தங்கச்சி எடுத்தது…" ஊடே கிரேசியின் குரல், கூடாது என்று சொன்னதையும் கேட்காமல்: "அத்தான், பிள்ளைக்கு மூக்கு ஒங்களமாரி இல்ல, தப்பிச்சுது." அறையே சிரித்தது. அப்புறம் செசிலி மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இந்தா, தண்ணி ஊத்தப் போறாரு" என்றாள்.

டொக்.

கேசட்டின் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டால், பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருக்கிறது, ஜனங்கள் பாட்டை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் ஊற்றின நேரம் மட்டும் இல்லை. கிரேசி கேசட்டைத் திருப்பிப் போடுவதற்குள் நடந்து முடிந்துபோயிற்று. சிலுவைமுத்து அந்த டொக்குக்கு முன்னால் ஒரு நூறு தடவையாவது பின்னோக்கி ஓட்டிக் கேட்டிருப்பார். ஏதோ ஒரு தடவை தண்ணீர் விழுகிற சத்தம் வந்துவிடும் என்கிற மாதிரி. நாடா இழுத்துக்கொண்டு பாழாகும்வரை கேட்டார்.

ஆகவே, பேத்திக்கு ஊற்றுகிற தண்ணீரை அவர் பார்த்தே ஆகவேண்டும்.

வியாழக்கிழமை மதியம் ஹப் செத்ததும் முதல் வேலையாக கஸ்டமர் கேருக்கு அடித்தார். சென்னைக்காரப் பெண்ணொருத்தி மிகுந்த மரியாதையோடு பேசினாள். "சார், ஹப்பை அணைத்து, முப்பது வினாடி கழித்து மீண்டும் இயக்குங்கள், சார்." சிலுவைமுத்துவுக்கு வினாடி பார்த்துப் பழக்கமில்லை. அவருடைய அம்மை முட்டை அவிப்பதையே மந்திரம் சொல்லித்தான் கணக்குப் பார்ப்பாள். அவரும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லி, பயத்தில் மூன்றாவதும் ஒன்று சொல்லி, திரும்பச் சொருகினார். வட்டம் சுற்றியது. "இணையத் தொடர்பு இல்லை."

"பின்பக்கம் சிறிய துளை இருக்கும் சார். ஒரு ஊசியால் பத்து வினாடி அழுத்துங்கள்."

அதற்கு முக்கால் மந்திரம். ஹப் ஒரு மணியடித்து, எல்லாவற்றையும் மறந்து, புதுசாகப் பிறந்த மாதிரி "வணக்கம், உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள்" என்றது. அவர் தமிழைத் தேர்ந்தெடுத்தார். அது தமிழில் "இணையத் தொடர்பு இல்லை" என்றது.

"பொறுமைக்கு நன்றி சார்."

"எனக்குப் பொறும இல்ல மோளே. நாளைக்கு ஞானஸ்நானம்" என்றார். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை போல. வாழ்த்துகள் சார் என்று வைத்துவிட்டாள்.

சாயந்திரம் அதற்கு உயிர் வந்தது. ஜெஃப்ரின் தோஹாவிலிருந்து பட்டன் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வைஃபை, விளக்கு, மோட்டார் எல்லாவற்றையும் திரும்பச் சேர்க்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. சிலுவைமுத்து விடவில்லை. கேபிள் கம்பெனி ஸ்டெனிக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொன்னார்.

ஸ்டெனி வந்தான். ஏற்கெனவே மூன்று தடவை, அந்த வழியாகப் போகிற போக்கில் எட்டிப் பார்த்தவன்தான். அவன் வருவது எப்போதும் ஒன்பது மணிக்கு. மத்தியானம் அவனுக்கு அஞ்சுகிராமம் பக்கம் வேலை. ஒன்பது மணிக்கு ஹப் பதனி குடித்த மாதிரி தெளிவாக இருக்கும்.

"வாசல் விளக்கை எரி" என்றான் ஸ்டெனி. எரிந்தது.

"மோட்டாரை நிறுத்து." நின்றது.

"மாமா, நான் வாறப்ப எல்லாம் நல்லாத்தானே இருக்கு. மாமிய பாக்காம ஒங்களுக்குத்தான் நெட்வொர்க்கு போகுது."

"லேய், நக்கலா? பன்னெண்டரைக்கு வந்து பாரு. சவம் மாதிரி கெடக்கும்."

"ரவுட்டர்ல என்ன லைட்டு மாமா எரியும் அந்நேரம்? பச்சையா, செவப்பா?"

"பச்சை. எப்பவும் பச்சைதான்."

"அப்போ ரவுட்டரு சரி. ஹப்புதான் கோளாறு. ஜெஃப்ரின் அண்ணன்ட்ட சொல்லி மாத்தச் சொல்லுங்க." ஸ்டெனி தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கண்ணாடி ஷோகேஸ் பக்கம் பார்த்தான். உள்ளே, கத்தரிப்பூ நிற வெல்வெட் உறை போட்டு, பிள்ளையைப் பொதிந்து வைத்த மாதிரி ரவுட்டர் உட்கார்ந்திருந்தது. "உறை கொள்ளாம் மாமா. எங்க வீட்லயும் அம்மை இப்படித்தான் தச்சுப் போட்டிருக்கா. டிவி ரிமோட்டுக்குக் கூட உண்டு."

அவன் போய்விட்டான். சிலுவைமுத்து குளித்தார். நல்ல வேட்டியைக் கட்டினார். நெற்றியில் எண்ணெய் வழியாமல் தலைவாரிக்கொண்டு பதினொன்றரைக்கே மேசை முன்னால் உட்கார்ந்தார். பன்னிரண்டு ஐந்துக்கு செசிலி வந்தாள், பட்டுச்சேலையில், தலையில் மல்லிகை. "தோவாளைப் பூ தான், பாத்துக்கிடுங்க. பிளேன்ல வருதாம், இங்க கடையில கெடைக்கு" என்று பின்னலைத் திருப்பிக் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்கு அப்புறம் இவள் இப்படிச் சிங்காரித்து நிற்கிற நாட்களில் பாதிக்கு மேல் அவர் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

"கோயிலுக்குக் கெளம்புதோம். எத்துன உடனே கூப்பிடுவேன். எழும்பிப் போயிராதிய."

"போக மாட்டேன்."

பன்னிரண்டு நாற்பதுக்கு வட்டம் சுற்றியது. "இணையத் தொடர்பு இல்லை."

அவர் பிளக்கைப் பிடுங்கினார். சொருகினார். திரும்பவும் பிடுங்கினார். மந்திரம் சொல்ல நேரமில்லை.  அந்தச் சமயம் பின்வாசல் வழியாகக் கிரேசி வந்தாள். அடுத்த வீடுதான் அவளுக்கு. அக்காள் போன நாள்முதல் மதியக் கறி அவள் கொண்டுவருவதுதான். இன்றைக்கு விசேஷத்துக்கென்று சீலா மீன் பொரித்திருந்தாள்.

"நின்னு போச்சா அத்தான்?"

"போச்சு. எளவு, இன்னைக்கும்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ஏட்டி, உள்ள வரதுக்கு முன்னால ஒனக்கெப்படித் தெரியும்?"

கிரேசி தட்டை வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது அது.

"ஒங்க மொகத்தப் பாத்தேன்."

"எனக்க மொகம் வாசல்ல தெரிஞ்சுதா? ஒளிக்காம சொல்லு."

"எனக்க போன்ல டேட்டா கெடையாது. அக்கா போகும்போ ஒங்க வைஃபை பாஸ்வேர்டு தந்துட்டுப் போனா" என்றாள் கிரேசி, தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் பெருசா ஒண்ணும் பாக்கிறதில்ல. மத்தியானம் ரெண்டு சமையல் வீடியோ. அதும் தெனமும் இந்நேரத்துக்கு நின்னு போகும். இப்பவும் அப்படித்தான், இறால் தொக்குல புளி விட்ட இடத்துல நின்னுச்சு. ஒங்க மிசின் போனா எனக்கும் போகும்னு நெனச்சுக்கிட்டேன்."

சிலுவைமுத்து அவளையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று அவள் பின்வாங்கினாள். அவர் திட்டவில்லை. அவர் மூளை ஷார்ஜாவுக்குப் போய்விட்டிருந்தது.

ஒரு வீட்டில் நாலு ஏசி. ஒன்று மட்டும் குளிரவில்லை என்றால் அந்த ஏசியைப் பிரி. நாலும் ஒரே நேரத்தில் குளிரவில்லை என்றால் ஏசியைத் தொடாதே, மெயினைப் பார். முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ஹப்பும் நின்றது, கிரேசியின் போனும் நின்றது. அப்படியென்றால் நேற்று ஊசியால் குத்தியது குற்றமில்லாதவனை.

"ஹப்பு இல்லட்டீ. ரவுட்டரு."

"ஸ்டெனி பச்சை லைட்டு எரிஞ்சா நல்லதுன்னானே?"

அவர் ஷோகேஸ் முன்னால் போய்க் குனிந்தார். வெல்வெட்டில் கத்தரியால் வெட்டிய ஒரு சின்ன ஓட்டை. அதற்குள் ஒரு பச்சைப் பொட்டு. செசிலி போகும்போது, கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அது போதும் என்று ஓட்டை போட்டிருந்தாள். ரவுட்டரில் அதுபோல ஐந்து விளக்கு உண்டு. மற்ற நாலும் எந்த நிறத்தில் எரிகிறது என்று இருபத்தாறு நாளாக வெல்வெட்டுக்குத்தான் தெரியும்.

கண்ணாடிக் கதவைத் திறந்தார். உள்ளே காலி அத்தர் குப்பிகளும், ஒரு தடவைகூட சாயா ஊற்றாத பிளாஸ்க்கும், கண்ணாடி ஒட்டகமும். நடுவில் ரவுட்டர். உறைமேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை வெடுக்கென்று எடுத்தார்.

"மாதாவே. கம்ப்ரசர் மாதிரி கொதிக்குது."

வெல்வெட்டுக்கு அடியில் விரலால் தடவினால் மொரமொரவென்றது. பாலிதீன். உப்புக்காற்று ஏறாமல் இருக்க முதலில் பாலிதீனில் பொதிந்து, அதன்மேல் வெல்வெட்டைப் போட்டு, வயர் வருகிற இடம் தவிர சுற்றிலும் ஊசியால் தைத்து அடைத்திருக்கிறாள். பிறகு கண்ணாடிக் கதவும் சாத்தியாயிற்று. மேலே தளம் காய்கிறது. காலையில் தாக்குப்பிடிக்கும். உச்சி வெயிலுக்கு மயங்கி விழும். வெயில் சாய்ந்தால் தெளியும்.

சிலுவைமுத்துவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருபத்தொரு வருஷம் அவர் எத்தனை வீட்டில் ஏறி இறங்கி, எத்தனை அரபியிடம் கெஞ்சியிருப்பார். மெஷினுக்கு முன்னால் திரைச்சீலை போடாதீர்கள், காற்றுப் போகிற வழியை அடைக்காதீர்கள், அது மூச்சு விட வேண்டும். அப்படிச் சொன்ன வாய் தன் வீட்டில் ஒரு பெட்டிக்கு மூச்சுமுட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒரு பிளேடு எடுத்துட்டு வா."

"அத்தான்! அக்கா கொன்னுருவா. அவ போகும்போ என்ன சொல்லிட்டுப் போனா? ஷோகேஸத் தொறக்கவே கூடாதுன்னு ஒங்கட்ட சத்தியம் வாங்கல்லியா?"

வாங்கினாள். பெட்டியெல்லாம் காரில் ஏற்றின பிறகு திரும்பி வந்து, விரலை நீட்டி வாங்கினாள்.

கிரேசி பிளேடு கொண்டுவந்தாள். அவர் உறையைக் கையில் எடுத்த பிறகுதான் அதை நன்றாகப் பார்த்தார். முன்பக்கம் வெள்ளை நூலில் ஒரு பூ. ஐந்து இதழ், ஒன்று கொஞ்சம் கோணல். இந்தக் கோணல் அவருக்குத் தெரியும். டூ-இன்-ஒன் வந்திறங்கின மாசம் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப்போய் செசிலி எடுத்த வெல்வெட் இது. டேப்ரெக்கார்டருக்குத் தைத்த உறை. லீவில் வந்தபோதெல்லாம் கதவைத் திறந்ததும் முதலில் அவர் கண்ணில் படுவது இந்த நிறம்தான். டேப்ரெக்கார்டர் பழைய இரும்போடு போய் பதினைந்து வருஷம் இருக்கும். துணியை அவள் விடவில்லை. வெட்டிச் சுருக்கி, அதே பூ முன்னால் வருகிற மாதிரி திரும்பத் தைத்திருக்கிறாள்.

வெளிநாட்டிலிருந்து வருகிற சத்தத்துக்கு இந்த வீட்டில் எப்போதும் இவள்தான் சட்டை தைத்துப் போடுகிறாள் என்று நினைத்தார். பிளேடு கையிலேயே இருந்தது.

"மணி ஒண்ணு பத்து அத்தான்" என்றாள் கிரேசி. இப்போது அவளுக்கே பதற்றம் வந்துவிட்டது.

அவர் துணியைக் கீறவில்லை. தையலைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணியாக நூலை மட்டும் அறுத்தார். மெக்கானிக்கின் கை. வயர் இன்சுலேஷன் உரித்துப் பழகிய கை. அரிசி அரிசியாக இருந்தது அவள் தையல். ஒன்று பதினேழுக்குக் கடைசி நூல் விட்டது. வெல்வெட்டை உரித்து, வியர்த்து ஒட்டியிருந்த பாலிதீனைக் கிழித்தார். வெள்ளைப் பெட்டி சிவப்புக் கண்ணால் அவரைப் பார்த்தது.

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தரையில் இரண்டு தீப்பெட்டிமேல் வைத்து, அடியில் காற்று போக வழி செய்தார். மேசை விசிறியை இழுத்து முகத்துக்கு நேரே திருப்பினார். "நீயும் வீசு" என்று ஓலை விசிறியைக் கிரேசியிடம் கொடுத்தார்.

"ரவுட்டருக்கா?"

"பின்ன எனக்கா?"

இரண்டு பேரும் தரையில் குந்திக்கொண்டு, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குச் செய்வது மாதிரி வீசினார்கள். அவர் இடையிடையே புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஒன்று இருபத்தாறுக்கு, போதும் என்று தோன்றாமலே, பிளக்கைச் சொருகினார். முதல் விளக்கு பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவது சிவப்பாகவே நின்றது. கிரேசி அந்தோனியாரைக் கூப்பிட்டாள். சிவப்பு இரண்டு தடவை கண்ணடித்தது. பச்சையாயிற்று. நாலாவதும் ஐந்தாவதும் அடுத்தடுத்து.

மேசைமேல் ஹப் மணியடித்தது. அவர் எழுந்து நாற்காலிக்கு வருவதற்குள் செசிலி திரையில் இருந்தாள்.

"எங்க போனிய? பத்து நிமிசமா கூப்பிடுதேன். இஞ்ச எல்லாரும்…" பேச்சு நின்றது. அவள் கண் அவருக்குப் பின்னால் போயிற்று. "ஷோகேஸ் ஏன் தொறந்து கெடக்கு?"

"பொறகு சொல்லுதேன்."

"உறை எங்க?"

"பத்திரமா இருக்கு. நூல மட்டுந்தான் அறுத்தேன். ஏட்டி, மூச்சு முட்டித்தான் அது செத்துச் செத்துப் போச்சு. இப்ப அதையா பேசணும்? பிள்ளையக் காட்டு."

செசிலி முறைத்தாள். முறைத்துக்கொண்டே போனைத் திருப்பினாள். ஒரு பெரிய கூடம், நிறைய ஆட்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஜின்சி, ஜெஃப்ரின், ஞானத்தாய் கையில் வெள்ளைப் பொட்டலமாகப் பிள்ளை. சாமியார் தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்றார். சிந்தியா என்றாள் ஜின்சி. 

பிறகு பிள்ளையின் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். ஞானத்தாய்க்கு அதன் முடிச்சு பிடிபடவில்லை. செசிலி சும்மா இருப்பாளா? உதவிக்குப் பாய்ந்துவிட்டாள். போன் அவள் கையோடு தாழ்ந்தது. திரை முழுக்க மார்பிள் தரையும், யாரோ ஒருவரின் பாலிஷ் போட்ட ஷூவும்.

"ஏட்டி" என்றார் சிலுவைமுத்து.

ஷூ நகரவில்லை. சாமியாரின் குரல் மட்டும் கேட்டது. சிந்தியா, என்று தொடங்கிவிட்டார். தண்ணீர்க் கிண்ணம் தொட்டியில் இடிக்கிற சத்தம்.

"ஏட்டி செசிலி! போனத் தூக்குட்டீ!"

கடலில் ஒரு வள்ளத்திலிருந்து அடுத்த வள்ளத்துக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். தாத்தனும் அப்பனும் கட்டுமரத்தில் வளர்த்த தொண்டை அது. தோஹாவில், அந்தக் கூடத்தில், செசிலியின் கையிலிருந்த போனில் அது எப்படி வெடித்திருக்குமோ தெரியாது. ஷூ துள்ளியது.  அப்புறம் யாரோ சிரித்தார்கள். சாமியாரின் குரல், மலையாளம் கலந்த தமிழில், நிதானமாகக் கேட்டது: "தாத்தாவாணோ? நாட்டில் இருந்தா?"

"ஆமா சாமி" என்றாள் செசிலி, வெட்கத்தில் பாதிக்குரலாக. "எனக்க மாப்பிள."

"அப்போ போனை நேரே பிடிக்கு. அவர் பார்க்கட்டும். நான் முதலிலிருந்து சொல்லாம்."

போன் மேலே வந்தது. ஆடாமல் நின்றது. இரண்டு கையாலும் பிடித்திருப்பாள் போல. பிள்ளையின் தலை தெரிந்தது. ஈரமில்லாத, கறுத்த, மெல்லிய முடி. கண்ணை இடுக்கிக்கொண்டு விளக்கைப் பார்த்தது. சாமியார் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து உயர்த்தி, நெற்றிமேல் விட்டார். அது முடியில் பட்டு, காதோரமாக வழிந்து, தொட்டியில் சொட்டியது. பிள்ளை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை. கிரேசி வீசுவதை மறந்து நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். மூன்றாவது தடவை ஊற்றும்போது, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பி, ஹப்பின் ஸ்பீக்கர் கரகரத்தது.

"கொள்ளாம். தொண்டை ஒங்களமாரி" என்றாள் கிரேசி.

 சிலுவைமுத்து முழங்கையை மேசையில் ஊன்றி, முகத்தைத் திரைக்கு அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோயிருந்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் ஆவி படிந்தது. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

பாட்டு முடிந்து, ஆட்கள் போட்டோ எடுக்கக் கலைந்த பிறகு, செசிலி ஒரு தூணோரமாக ஒதுங்கி போனைத் தன் பக்கம் திருப்பினாள். கண்மை கலைந்திருந்தது.

"கண்டியளா?"

"கண்டேன்."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும் கண்டேன். காதுக்க பக்கமா வழிஞ்சது வரைக்கும் கண்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். உறையைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டாள். ஜின்சி பிள்ளையைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டுவிட்டுப் போட்டோவுக்குப் போனாள். செசிலி போனைத் தூணில் சாய்த்து வைத்துக்கொண்டு பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். விசும்பல் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போயிற்று.

 இரண்டு பக்கத்திலும் யாரும் போனை வைக்கவில்லை.